தண்ணீர் குடிக்கப் போகாதவள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். ஜெபம் செய்வார்கள்.

வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். கூட்டத்தில் ஒருவர் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்களில் சிலருக்கு வேலை நேரத்தில் வருகிற தூக்கத்தை நீக்கிப்போடும்" என்று உருக்கமாக ஆரம்பித்தால், எதிர் நாற்காலியிலிருக்கும் நூலகருக்குக் காது சிவந்துவிடும். பதில் பேச முடியாது. ஜெபத்தின் நடுவே குறுக்கிட யாருக்கு வாய் வரும்? தன் முறை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, பிறகு தானும் கண்ணை மூடி, "அடுத்தவர் தூக்கத்தைக் காவல் காக்கிறவர்களுக்கும் நல்ல தூக்கத்தைக் கட்டளையிடும்" என்று திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு. இந்த வித்தையில் கடுகை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது.

கடுகு என்பது மாணவர்கள் வைத்த பெயர். ஆள் குட்டை. சூடு பட்டால் வெடிப்பாள். அந்தப் பெயர் காதுக்கு எட்டியபோது, "மிளகாய்னு வைக்காம விட்டாங்களே" என்று மட்டும் சொன்னாள். ஆலயத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் அவள் அலுவலகம். நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறை. அவளுக்கு இடிக்காது, வருகிறவர்களுக்கு இடிக்கும். அதில் அவளுக்கு ஒரு திருப்தியும் உண்டு. கலைப்புல மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி ஏற்பாடு செய்வது அவள் வேலை. வேதியியல் படிக்கிறவனுக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது, மருத்துவம் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. வரலாறும் இலக்கியமும் தத்துவமும் படிக்கிறவர்கள் எதைத் தொட்டுப் பார்ப்பது? கடுகு அவர்களை ஊருக்குள் துரத்தினாள். மொழி படித்தவர்கள் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்கள். வரலாறு படித்தவர்கள் குடிநீர் வாரியத்தின் நிலவறையில் பழைய குழாய்ப் படங்களைத் தூசி தட்டி, எந்தத் தெருவுக்குக் கீழே எது ஓடுகிறது என்று சொன்னார்கள். "களைப்பா இருக்கு மேடம்" என்று எவனாவது வந்து நின்றால், "புத்தகத்தைப் பிடிச்சுப் பிடிச்சு எப்பவாவது களைச்சியா? இப்பதான் கை உனக்குச் சொந்தமாகுது" என்பாள். ஆறுதல் என்று பார்த்தால் அவ்வளவுதான் கிடைக்கும்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளே சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். அதே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, தங்கப் பதக்கம் வாங்கி, ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனாள். ஆசிரியர், "என்னம்மா செய்யத் தெரியும்?" என்றார். பேரரசுகள் ஏன் விழுந்தன என்று விளக்கத் தெரியும் என்றாள். "இங்க பேரரசு எதுவும் இப்போதைக்கு விழுற மாதிரி இல்லையே" என்றார் அவர். சிப்பந்தி வரைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ரயில் நிலையத்தில், பயணிகள் தொலைத்த பொருள்களைக் காத்துக் கொடுக்கும் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தாள். குடையைத் தொலைத்துவிட்டுப் பெட்டியைக் கேட்கிறவனையும், பெட்டியைத் தொலைத்துவிட்டு அழக்கூடத் தெரியாமல் நிற்கிறவளையும் கேள்வி கேட்டுக் கேட்டு, மனிதர்களிடம் எப்படி விசாரிப்பது என்று அங்கேதான் கற்றாள். பல்கலைக்கழகம் தன்னை ஏமாற்றிவிட்டது என்ற எண்ணம் மட்டும் போகவே இல்லை. அந்த எண்ணத்தோடுதான் திரும்பி வந்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்தப் பயிற்சித் திட்டத்தை அவள் நிறைவேற்றிய விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த இடத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்விக்குழுவில் கை தூக்கி வாக்கெடுக்கிற பழக்கம் இல்லை. பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தவர்களுக்கு வாக்கெடுப்பு உலகத்து வழியாகத் தெரிந்திருக்கிறது. தீர்மானம் கொண்டுவந்தவர் அதை ஜெபமாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆமென் சொன்னால் நிறைவேறியது. ஒரு வாய் மூடியிருந்தாலும் விழுந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர் என்று அங்கே யாரும் இருந்ததில்லை. கடவுள் முன்னால் ஆமெனை மறுப்பது யாருக்கும் ஆகிற காரியமில்லை. அதனால் பிடிக்காதவர்கள், ஜெபம் தொடங்குவதற்கு முன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். தீர்மானம் நிறைவேறும், அவர்கள் மானமும் தப்பும். கடுகு தன் திட்டத்தை ஜெபமாகச் சொன்ன அன்று, பாதிப் பேராசிரியர்கள் வராந்தாவில் தண்ணீர்ப் பானையைச் சுற்றி நின்றார்கள். உள்ளே மிச்சமிருந்தவர்களின் ஆமெனில் திட்டம் பிழைத்தது.

அன்று வராந்தாவில் தண்ணீர் குடித்தவர்களில் ஒருவர்தான் இப்போது கலைப்புல டீன். கடுகின் தங்கை புருஷன். இளம் விரிவுரையாளராக இருந்த காலத்தில் கடுகின் வரலாற்றுக் குறிப்புகளை இரவல் கேட்டு வீட்டுக்கு வந்தவர், தங்கையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். குறிப்புகளை இன்னும் திருப்பித் தரவில்லை. வளாகத்துக்குள் அவள் அவரை "டீன் சார்" என்பாள், வாசலைத் தாண்டினால் "மாப்பிள்ளை". அவருக்கு எங்கேயும் அவள் "அக்கா"தான். கேட்கிறவர்களுக்கு மரியாதையாகத்தான் இருக்கும்.

இரண்டு பேருக்கும் எப்போதுமே ஆகாது. ஆனால் அது விரோதமாக முற்றியது அவர் மகளால்.

மகள் தத்துவம் படித்தாள். அப்பா அவளை ஆராய்ச்சிக்கு அனுப்பி, பட்டம் வாங்கவைத்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவதாகக் கனவு கண்டுகொண்டிருந்தார். செய்முறைப் பயிற்சிக்குப் பெரியம்மாவிடம் வந்து நின்றபோது, "எதைப் பத்திக் கட்டுரை எழுதற?" என்று கடுகு கேட்டாள். "மரணத்தைப் பத்தி" என்றாள் பெண். கடுகு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்தி அடக்கத்துக்குத் தயார் செய்யும் நிலையத்துக்கு அவளை அனுப்பிவைத்தாள். அக்கம்பக்கத்துக்கு அந்த நிலையத்தின் முதலாளி வெறும் சவப்பெட்டிக்காரர்.

முதல் வாரம் அந்தப் பெண் தினமும் அழுதாள். இரண்டாவது வாரத்தில் அழுகை நின்றது. ஒருநாள் மாடிப்படி அறைக்கு வந்து உட்கார்ந்து, "எவ்ளோ எழுதியிருக்கேன் பெரியம்மா. ஒரு தாடையைக் கட்டத் தெரியல எனக்கு. இன்னிக்கு ஒரு அம்மாவுக்குக் கட்டினேன். அந்தம்மா மகன் பார்த்துட்டு, அம்மா தூங்கற மாதிரியே இருக்காங்கன்னான். அதுக்கப்புறம்தான் அழுதான்" என்றாள். கடுகு தன் டீயை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். பெண் படிப்பை முடித்ததும் அங்கேயே வேலைக்கு வரலாம் என்று சவப்பெட்டிக்காரர் சொல்லியிருந்தார். அவளும் சரி என்றிருந்தாள். ஆராய்ச்சிக்குப் போகப் போவதில்லை என்பதை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

அந்த மேசைக்குக் கடுகையும் அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முந்திய ஜெபத்தை டீன் செய்தார். "ஆண்டவரே, இந்த உணவைத் தொடுகிற எல்லாக் கைகளையும் சுத்திகரியும். எதை எதையோ தொட்டுவிட்டு வருகிற கைகளை விசேஷமாகச் சுத்திகரியும்." பெண் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அவர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறப்பதற்குள் கடுகு பிடித்துக்கொண்டாள். "ஆண்டவரே, நாங்கள் செத்துக் கிடக்கும்போது எங்களைத் தொடப்போகிற கைகளையும் ஆசீர்வதியும். அன்றைக்கு எந்த டீனும் பக்கத்தில் வரமாட்டார்."

தங்கை கரண்டியைத் தட்டில் போட்டாள். "சாப்பிடவா கூப்பிட்டேன், சண்டை போடவா?"

"என் பொண்ண பொணம் கழுவ அனுப்பிட்டு, இங்க வந்து ஜெபம் வேற பண்றாங்க" என்றார் டீன்.

"நான் பயிற்சிக்குத்தான் அனுப்பினேன் மாப்பிள்ளை. அங்கேயே இருக்கேன்னு சொன்னது அவ."

"நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வந்தா யாருக்கா பதில் சொல்றது?" என்றாள் தங்கை. அவள் புருஷன் பக்கம்தான். கடுகுக்கு அது புதிதில்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றிருந்தது. அம்மா போன பிறகு தங்கைக்குத் தலை சீவி, பின்னல் போட்டு, பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விட்டவள் அவள்.

சில மாதங்களில் டீன் தன் பதிலைக் கட்டிமுடித்தார். கலைப்புலத்துக்கென்று கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மையம். உள்ளே ஒரு பொய் நீதிமன்றம், ஒரு பொய்ப் பத்திரிகை அலுவலகம், யார் உடைத்தாலும் கவலைப்படத் தேவையில்லாத பானைகள் அடுக்கிய ஒரு பொய் அருங்காட்சியகம். ஒரு அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில், அதில் ரப்பர் பொம்மை ஒன்று. சாகக் கிடக்கிறவருக்கு ஆறுதல் சொல்லி மாணவர்கள் அதனிடம் பழகவேண்டுமாம். பொத்தானை அழுத்தினால் பொம்மை முனகும்.

"என்ன சொன்னாலும் முனகுமா?" என்றாள் கடுகு.

"முனகும் அக்கா."

"அப்ப உங்க சொற்பொழிவுக்கு உட்கார்ந்திருக்கிற பசங்களைவிட இது பரவாயில்லை."

டீன் சிரிக்கவில்லை. இனி பயிற்சி முழுவதும் மையத்துக்குள்தான், வெளியில் செய்கிற வேலை பட்டத்துக்குச் செல்லாது, நடந்துகொண்டிருப்பவையும் உடனே நிற்கும் என்று கல்விக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். கடுகுக்கு எல்லாம் விளங்கிற்று. வார்டும் நிலவறையும் போகும். மாடிப்படி அறை போகும். அவர் மகள் நிலையத்தை விட்டுவிட்டு அந்தப் பொம்மைக்கு முன்னால் வந்து உட்காரவேண்டும், இல்லாவிட்டால் பட்டமில்லை. ஒரு பெண்ணை வீட்டுக்குத் திரும்ப இழுக்க ஒரு கட்டடத்தையே கட்டியிருக்கிறார் மனிதர்.

இதற்கிடையில் தங்கைக்கு வயிற்றில் ஒரு கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கல்விக்குழுக் கூட்டத்துக்கு மறுநாள் அறுவைச் சிகிச்சை. எந்த மாதிரிக் கட்டி என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டரிடம் கூடப் போனவள் கடுகுதான். திரும்பி வரும்போது ஆட்டோவில் தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் அங்க அடிச்சுக்கறதை நான் படுத்திருக்கும்போது கேக்கக்கூடாது. விட்டுக்கொடுத்திடு. ஒரு தடவை எனக்காக விட்டுக்கொடு."

"வேற எதை வேணா கேளு" என்றாள் கடுகு.

தங்கை கையை எடுத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

கூட்டத்தன்று, கதவுக்கு வெளியில் டீன் அவளை நிறுத்தினார். கண் வீங்கியிருந்தது, தூங்கவில்லை போலிருந்தது. "அக்கா, பேச வேண்டியதைப் பேசுங்க. முடிவுல தண்ணி குடிக்கப் போயிடுங்க. கௌரவமா முடிச்சுக்கலாம்."

"எனக்குத் தாகமில்லை மாப்பிள்ளை."

உள்ளே நீள மேசை. தலைப்பக்கத்தில் குழுத் தலைவரான ஆயர், ஒரு பக்கம் பேராசிரியர்கள், ஒரு பக்கம் வெளி உறுப்பினர்கள். டீன் படம் போட்டுக் காட்டினார். வெயிலில் அலைய வேண்டாம், மாணவர்களுக்கு ஆபத்தில்லை, கண்ணாடி வழியாகப் பெற்றோர் பார்க்கலாம் என்றார். கடுகு படம் எதுவும் காட்டவில்லை. "பொம்மை திருப்பித் திட்டாது. அதனால யாரும் எதுவும் கத்துக்க மாட்டாங்க. என்கிட்ட வர்ற பசங்க திட்டு வாங்கறாங்க, தப்பு பண்றாங்க, அந்தத் தப்புக்கு எதிர்ல நிக்கற மனுஷங்கிட்டப் பதில் சொல்றாங்க. அதுக்குப் பேருதான் படிப்பு. மத்ததெல்லாம் கண்ணாடி" என்றாள். சிலர் தலையாட்டினார்கள். இரண்டு பேராசிரியர்கள் அவளுக்கு ஆதரவாக முனகவும் செய்தார்கள். ஆனால் ஆயர், "சகோதரர் தீர்மானத்தை ஜெபத்தில் வைக்கலாம்" என்று சொன்னதும் தலையாட்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள். போகிறபோது ஒருவர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கையைத் திருகிவிடலாமா என்று அவளுக்கு வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக மூடினாள். டீன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

முதலில் எல்லாம் வழக்கம்போலத்தான் போயிற்று. ஸ்தோத்திரம், நன்றி, இந்த நிறுவனத்தைக் காத்த கிருபை. பிறகு அவர் குரல் உடைந்தது. "ஆண்டவரே, நாளைக் காலையில் கத்திக்குக் கீழே படுக்கப்போகிற என் மனைவியை நினைத்தருளும். அவளைக் கைவிடாதேயும். இந்த மையத்தையும் அவளையும் ஒருசேர உம்மிடம் ஒப்புக்கொடுக்கிறோம். இதை நிறைவேற்றும், அவளைச் சுகமாக்கும். எங்கள் எல்லோருடைய விண்ணப்பத்தையும் ஒரே விண்ணப்பமாகக் கேட்டருளும்."

கடுகு கண்ணைத் திறந்தாள். அவர் கன்னத்தில் கண்ணீர் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நடிப்பாக இருந்தால் காறித் துப்பியிருப்பாள். பொண்டாட்டிக்காக அழுகிறார், அந்த அழுகையையே கண்ணியாக வைத்துப் பிடிக்கவும் பிடிக்கிறார். இரண்டும் ஒரே ஆள், ஒரே மூச்சு.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும்.

கடுகுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. பால் குடிக்கிற வயதிலிருந்து பழகிய வார்த்தை, நாக்கு தானாகவே எழும்பியது. அவளுக்குக் கடவுள்மேல் நம்பிக்கை உண்டு, சும்மா வாயளவில் இல்லை. தங்கைக்காகக் கேட்கிற ஜெபத்துக்கு ஆமென் மறுத்தால் என்ன ஆகும் என்ற பயமும் வந்தது. தாடையைக் கட்டிய பெண்ணை நினைத்தாள். பல்லை அழுத்திக்கொண்டாள்.

ஆயர் கண்ணைத் திறக்காமலேயே காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் செருமினார். கடைசியில் ஆயர் அவளைப் பார்த்து மெதுவாக, "சகோதரி?" என்றார்.

அவள் வாய் திறக்கவில்லை.

தீர்மானம் விழுந்தது. அந்தக் குழுவில் வேறு எந்தத் தீர்மானமும் அப்படி விழுந்ததில்லை. எழுந்து போகிறபோது யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஆதரவாளர்கள் உட்பட. டீன் மட்டும் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உங்க முகத்தில முழிக்க மாட்டேன்க்கா" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார்.

ஒன்றும் ஆகவில்லை. கட்டி சாதாரணக் கட்டி, முழுதாக எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். வெளி வராந்தாவில், டீன் ஒரு கோடி பெஞ்சிலும் கடுகு மறு கோடி பெஞ்சிலும் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். நிலையத்திலிருந்து நேராக வந்திருந்த பெண், இரண்டுக்கும் நடுவில் நின்று, அப்பாவிடம் போவதா பெரியம்மாவிடம் போவதா என்று தெரியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குப் பட்டமும் உண்டு, வேலையும் உண்டு. அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா அவளோடு பேசவில்லை.

தங்கையைத் தனியறைக்கு மாற்றியபின் கடுகு பார்க்கப் போனாள். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கடுகு நாற்காலியை இழுத்துப் போட்டு, போர்வையைக் கால்வரை சரிசெய்தாள்.

"அவர் எல்லாத்தையும் சொன்னார்" என்றாள் தங்கை திரும்பாமலேயே. "முகம் தெரியாதவங்கெல்லாம் எனக்கு ஆமென் சொல்லியிருக்காங்க. நீ சொல்லலை."

"சொல்லியிருந்தா உன் பொண்ணு வேலை போயிருக்கும்டி. உன்னைக் காட்டி என்னை மடக்கினார். நீ பிழைக்கணும்னு நான் ராத்திரி முழுக்கத் தனியா..."

"தனியா பண்ணினது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லு. கட்டி கெட்ட கட்டின்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா? நான் பிழைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லியிருந்தா? அப்பவாவது வாயைத் திறந்திருப்பியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படுத்திருப்பவளுக்குச் சொல்லுகிற பொய்யை எந்தக் கடவுளும் கணக்கில் வைக்கமாட்டார். கடுகு சொல்லத்தான் பார்த்தாள்.

"திறந்திருக்க மாட்டேன்" என்றாள்.

தங்கை தலையை மெல்ல ஆட்டினாள், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. நர்ஸ் வந்து மருந்தைப் பார்த்துவிட்டுப் போனாள். கடுகு எழுந்தாள். நோயாளியைப் பார்க்கப் போனால் ஜெபம் செய்யாமல் கிளம்புவது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. எப்படிப்பட்ட சண்டையிலும் அது நின்றதில்லை.

"ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணு" என்றாள் தங்கை. "நான் ஆமென் சொல்ல மாட்டேன்."

கடுகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். குத்தல் இல்லாமல், யாரையும் இடித்துக்காட்டாமல், தங்கைக்கு வலி குறையவேண்டும் என்று மட்டும் கேட்டாள். முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமலேயே காத்திருந்தாள். தங்கை சொன்ன சொல் தவறவில்லை.